படிக்காமல் விட்ட வரி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறவென்று இருந்தது அக்கா ஒருத்திதான். பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கூப்பிடுகிற கூப்பாட்டில் தெருவே எழுந்து உட்காரும் என்பதால், பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஹாரன் அக்கா'. வேன் முதலாளியுடையது. சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஒன்பது வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வந்தாள். பணம் அவள் கணக்கில்தான் இருந்தது. கணக்கோடு இணைத்திருந்த ஃபோன் நம்பர் மட்டும் தம்பியுடையது. இந்தத் தட்டுகிற வேலையெல்லாம் எனக்குச் சரிப்படாது, நீயே பார்த்துக்கொள் என்று அவள்தான் கொடுத்திருந்தாள்.

புது மாதிரி லிஃப்டைப் பழகிவர கம்பெனி அவனை இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. வழியில் விமானம் மாறவேண்டிய இடத்தில் காத்திருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள். நல்ல வேன் ஒன்று வந்திருக்கிறது, மதியத்துக்குள் முன்பணம் போகாவிட்டால் வேறொருவருக்குக் கைமாறிவிடும் என்றாள். அவன் ஃபோனில் அங்கே இணையம் வேலை செய்யவில்லை. இலவச வைஃபையைத் தேடினான். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு தெரிந்தன. பாஸ்வேர்டு கேட்காததைத் தொட்டான்.

வங்கியின் ஆப் திறக்க மறுத்தது. பிரவுசரில் போனான். இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று அதுவும் எச்சரித்தது. பரவாயில்லை, தொடரலாம் என்று அழுத்தினான். அதே நிறம், அதே சின்னம், பாஸ்வேர்டைப் போட்டான். ஃபோனுக்கு ஆறு எண்கள் வந்தன. எண்களை மட்டும் பார்த்துப் போட்டான். சரியாகப் பதியவில்லை என்று பக்கம் சொன்னது. மறுபடி ஆறு எண்கள் வந்தன, அதையும் போட்டான். அதற்குள் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

இறங்கியதும் ஃபோனைத் திறந்தான். கணக்கு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எண்களோடு வந்த செய்தியை அப்போதுதான் முழுசாகப் படித்தான். உங்கள் கணக்கில் புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்ப இந்த எண், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவன் எண்களைப் போட்டது வங்கியின் பக்கமே இல்லை, எவனோ விரித்துவைத்த போலிப் பக்கம். கதவைப் பிடித்து இழுக்காதீர்கள், எழுதிப் போட்டிருப்பதைப் படியுங்கள் என்று லிஃப்டில் வருகிறவர்களிடம் தினமும் கத்துகிறவன் அவன்.

அக்காவின் அழைப்பு வந்தது. முன்பணம் வந்து சேரவில்லையாமே என்றாள்.

"பணத்தையே காணோம்க்கா. பேங்க்லதான் ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றான்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் அக்கா ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறவள் இல்லை. நேரே வங்கிக்குப் போனாள். போன வாரம் பாஸ்புக்கில் வரவு பதிந்து கொடுத்த கவுன்டர் பெண் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் நடுவில் அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டாள். விசாரணை முடியும்வரை அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்து உள் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் தம்பியிடம் திருப்தியாகச் சொன்னாள். அவன் சரிக்கா என்றான்.

பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்ல வங்கிக்கு ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டால் எண்களை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். அதனாலேயே கூப்பிடவில்லை. பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வங்கி மேனேஜர் அக்காவையும் அவனையும் அழைத்தார். அந்தப் பெண்ணும் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

"சார், இந்த ரெண்டு நம்பரும் உங்க ஃபோனுக்குத்தான் வந்திருக்கு. நடுவுல ஃபோன் எங்கயாவது தொலைஞ்சு கிடைச்சுதா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அக்கா அவன் பேசுவதற்காக நம்பிக்கையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொலையல," என்றான். "நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஏர்போர்ட்ல, ஏதோ ஒரு வைஃபைல. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எப்போது தெரியும் என்று மேனேஜர் கேட்டார். அன்றைக்கே என்றான். பணத்தில் பாதிக்கு மேல் மறுநாள் சாயங்காலம்வரை ஒரே கணக்கில் கிடந்தது, எங்கள் ஆள் எடுத்ததாகப் புகார் வந்ததால் நாங்கள் உள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம், நீங்கள் உடனே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார் அவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அக்கா எழுந்தாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெளியே கவுன்டருக்கு முன்னால் கூட்டிப்போனாள்.

"உன்னை நாலு பேர் முன்னாடிதான் திட்டினேன். இப்பவும் நாலு பேர் இருக்காங்க. தப்பு எங்க வீட்டுலதான். என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒருமுறைதான் வாயைத் திறந்தாள்.

"பணத்த விடு. ஒரு பாவமும் அறியாத பொண்ண என் வாயால திருடின்னு சொல்ல வெச்சுட்டியேடா."

பிறகு போனதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தது. நடந்ததை எல்லாம் அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பெண்ணுக்குப் பழைய இடம் கிடைத்தது. அக்கா கணக்கைத் தன் நம்பருக்கே மாற்றிக்கொண்டாள். ஃபோனை எப்படிக் கையாளுவது என்று அந்தப் பெண்ணிடமே இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். முதலாளி வேனையே தொடர்ந்து ஓட்டினாள். அவன் மாதாமாதம் சம்பளத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள், காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். அந்த விஷயத்தை மட்டும் அவள் மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.