சாம்பார் கொதிக்கும்வரை

2008 செப்டம்பர் 9. வாஞ்சிநாதன் தரையிலிருந்து ஏழரை அங்குலம் மேலே இருக்கிறார் என்று நேற்று எழுதியது தவறு. ஓரடி ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். நான்கரைதான்.

இதை எழுதி முடித்ததும் ஷ்யாமளா முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். போன வாரம் ஆறு. அப்படியானால் கணவர் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் 2001இல் வேலை போன என்ஜினியர்களில் மேலே எழும்பியவர் அவர் ஒருவர்தான். அந்த அக்டோபரில் இருவரும் மாலை வகுப்பு ஒன்றில் சரஹரைப் பற்றிக் கேட்டார்கள். ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டின் பௌத்த தாந்திரீக குரு. மனைவியிடம் முள்ளங்கிக் கறி கேட்டுவிட்டுத் தியானத்தில் அமர்ந்தவர், பன்னிரண்டு வருடம் கழித்துக் கண் திறந்து, கறி எங்கே என்றார். இத்தனை வருடமாக ஒரு முள்ளங்கியை விடமுடியாத மனதோடு எங்கே உட்கார்ந்து என்ன பயன் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியில் அவர் விடுபட்டார். ஷ்யாமளா அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். வாஞ்சிநாதனோ வீட்டுக்கு வந்ததும், முள்ளங்கி சாம்பார் வை என்று சொல்லிவிட்டு ஹாலில் கண்ணை மூடினார். சாம்பார் கொதிப்பதற்குள் மேலே போய்விட்டார்.

முதல் வருடம் அவருக்கு அடியிலும் சேர்த்து வாக்குவம் போட்டாள். அடுத்த வருடம் ஜனங்கள் வந்தார்கள். "லே-ஆஃப் ஆனவங்க எல்லாம் கீழ போனாங்க, உங்க வீட்டுக்காரர் மட்டும் மேல போயிட்டாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட வசந்தாமணி ஆன்ட்டி ஆசிரமம் ஆரம்பித்தாள். தினமும் பிரசாதம் முள்ளங்கி சாம்பார். ஆசிரமம்தான் ஷ்யாமளாவுக்கு கிரீன் கார்டு அப்ளை செய்திருந்தது. இன்டர்வியூ அடுத்த மாதம். அவர் தரையில் கால் வைத்தால் ஆசிரமமும் இல்லை, கார்டும் இல்லை.

இன்று மாலை நான்கு மணிக்கு வாஞ்சிநாதன் கண் திறந்தார்.

"ஷ்யாமு, சாம்பார் ஆச்சா?"

சரஹரின் மனைவி கேட்ட கேள்வி ஷ்யாமளாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இன்னும் கொதிக்கலை. கண்ணை மூடிக்கோங்கோ. ஆனதும் கூப்பிடறேன்."

அடுக்களையில் நாற்பது பேர் சாப்பிட்ட அண்டா கவிழ்ந்து கிடந்தது. நினைவு தெரிந்து அப்பாவின் குரலை முதல்முறையாகக் கேட்ட எட்டு வயது மகள் ஷ்ரேயா, "மாம், ஹீ இஸ் ஹங்ரி," என்றாள்.

"தெரியும்டி. அந்தப் பசியிலதான் நிக்கறார்."

அவர் சொன்னபடி கண்ணை மூடினார். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு ஷ்யாமளா ஸ்கேலைச் சரியாகப் பிடித்து அளந்தாள். ஏழரை. காலையில் எழுதிய திருத்தத்தை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

நாளை ஹூஸ்டனிலிருந்து இரண்டு வேன். பத்து பவுண்டு முள்ளங்கி வாங்கவேண்டும்.