ஓரத்தில் ஒரு 'பா'

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் துண்டுத்தாள், அதைப் படிப்பதுதான் பத்தொன்பது வருடமாகப் புள்ளியம்மாவுக்கு வேலை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்ப்பாள். ஒரு புள்ளிகூட அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அதனால் அலுவலகம் வைத்த பெயர்தான் புள்ளியம்மா.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னார்: "செக்‌ஷன் மொத்தமும் வெளிநாட்டுக்குப் போகுதும்மா. அங்கேயும் தமிழ் தெரிஞ்ச பொண்ணுதான். ஆறு வாரம் ஸ்கிரீன்ல சொல்லிக்கொடுங்க. நல்லா முடிஞ்சா மேற்பார்வைக்கு ஒரு சீட் இருக்கு. உங்களுக்குத்தான்."

அந்த ஒரு சீட்டுக்காகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தாள். திரையில் தெரிந்த பெண் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். கெட்டிக்காரி. அதுதான் புள்ளியம்மாவுக்கு உறுத்தியது.

"உன் நாற்காலிக்கு நீயே ஆள் பிடிச்சுக் கொடுக்கிற," என்றார் கணவர். "அப்படியே தொடைச்சும் கொடுத்துட்டு வா."

"முழுசா கொடுக்க நான் என்ன பைத்தியமா? ஒண்ணைக் கையில வெச்சிருக்கேன்."

அந்த ஒன்று, 'பா'. சந்தேகமான எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில் 'பா' என்று குறிப்பாள். பார்க்கணும் என்று அர்த்தம். மருந்து ஆலைக்குப் போன் போட்டுக் கேட்டு, எண்ணைத் திருத்திய பிறகுதான் அதை அழிப்பாள். இதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது என்னைத்தானே கூப்பிட வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டாள்.

ஆறாவது வாரம் மேனேஜர் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். "அந்த சீட்டையும் அங்கேயே போட்டுட்டாங்கம்மா. என் கையில என்ன இருக்கு?"

ஓரத்தில் 'பா'வோடு நாற்பத்தொரு தாள்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன. புள்ளியம்மா அதைச் சொல்லாமலே படி இறங்கினாள். கூப்பிடட்டும்!

இரண்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு காலையில், கைக்குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்தோடு தங்கை வந்தாள். பழக்கதோஷம், புள்ளியம்மா தாளைப் பிரித்தாள். ஒரு வயதுக்குக் கீழே 25 மில்லி என்றிருந்தது. 2.5 ஆக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அவள் 'பா' போட்ட அதே வரி.

"பாப்பாவுக்குக் கொடுத்துட்டியாடி?"

"இல்லக்கா, இப்பத்தான் பிரிக்கிறேன். ஏன் இப்படிக் கத்துற?"

அந்தப் பெண்ணின் வெளிநாட்டு எண்ணை அழுத்தினாள்.

"அக்கா! உங்க 'பா' இல்லன்னா நான் திண்டாடிப் போயிருப்பேன்," என்றாள் அந்தப் பெண் உற்சாகமாக. "'பா'ன்னா பார்த்தாச்சுதானே? அது போட்டதையெல்லாம் அப்படியே அச்சுக்கு அனுப்பிட்டேன். இவ்வளவு வேகமான்னு மேனேஜரே பாராட்டினார்!"

"பார்த்தாச்சு இல்லடி. பார்க்கணும்!"

மறுமுனையில் அவள் கீபோர்டைத் தட்டித் தாள்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "ஏன்க்கா சொல்லல?"

"எழுதிக்கோடி," என்றாள் புள்ளியம்மா. நாற்பத்தொரு மருந்தின் பெயரையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே எழுதிக்கொண்டாள்.

மாலையில் மேனேஜர் பேசினார். "கடையிலேருந்து பெட்டியைத் திரும்ப எடுக்கிறோம். எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்ததா நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா. வெளியில வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் சிக்கல்." சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

மறுவாரம் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, எங்க செக்‌ஷனையும் வேற நாட்டுக்கு மாத்துறாங்க. அங்கே இன்னும் மலிவாம். நாளையிலேருந்து நான் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கணும். மேற்பார்வைக்கு ஒரு சீட் இருக்காம். எனக்குத்தானாம்.'

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த கணவர் "அடப்பாவிகளா" என்றார்.

புள்ளியம்மா தட்டினாள்: 'சீட் கிடையாது. ஆனா 'பா'வைச் சொல்லிடு. முதல் நாளே சொல்லிடு.'

அனுப்புமுன், பழக்கம் விடாமல், ஒவ்வொரு புள்ளியையும் ஒருமுறை சரிபார்த்தாள்.