கெச்சி கடையின் அடுத்த கத்தி

"இன்னிக்கு ரெனிட்டாவா வெட்டுறா?"

ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்ட லாரிக்காரன் ரஸ்டியைக் கையிலிருந்த கத்தியாலேயே வெட்டினால் என்ன என்று தோன்றியது வெர்லாவுக்கு.

"ஏன், நான் வெட்டினா அது பன்றி இல்லையா?"

"அப்படி இல்லக்கா... அவ சிரிச்சுக்கிட்டே குடுப்பா."

"சிரிப்பு வேணும்னா சர்க்கஸுக்குப் போ. இங்க கறிதான்."

ரஸ்டி தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தான். வெர்லா கத்தியை வெட்டுக்கட்டையில் ஓங்கிக் குத்தினாள். ரெனிட்டா தம்பி பொண்டாட்டி. ஆஸ்பத்திரியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள். அந்த வேலை போய்விட்டதே என்று பாவம் பார்த்துக் கூப்பிட்டுக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால், இன்றைக்கு ஊரே அவள் பெயரைச் சொல்கிறது.

ஊர் போகட்டும். அப்பா?

கெச்சி என்ற இந்தச் சுட்ட பன்றிக்கறிக் கடையைத் தொடங்கியது தாத்தா ஹோய்ல். கோர்ட் கூடும் வாரங்களில் அதற்கு எதிரே கூடாரம் போட்டு, ஹிக்கரி மர விறகைத் தணலாக்கி, பன்றித் தோள்பட்டையை மணிக்கணக்கில் வாட்டி, வெட்டி, வினிகர் சாஸ் ஊற்றிக் கொடுத்தார். வழக்கில் ஜெயித்தவனும் தின்றான், தோற்றவனும் தின்றான். கூடாரம் கடையாயிற்று. தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், மகன்கள் இருவரையும் ஆளுக்கொரு தட்டு வெட்டச் சொன்னார். வாடிக்கைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து தின்றார். காலியான தட்டு கார்லண்டுடையது. கடையும் அவருக்கே. தோற்ற ஃப்ளாய்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர்தான். தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கடை போட்டார். சாகும்வரை அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை.

அந்தக் கார்லண்ட்தான் வெர்லாவின் அப்பா. போன வாரம், எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை எனக்கு ரெண்டு தட்டு. வெர்லா ஒண்ணு, ரெனிட்டா ஒண்ணு. எங்கப்பா செஞ்ச மாதிரிதான்."

"நான் உங்க மகப்பா!"

"ஃப்ளாய்டும் எங்கப்பாவுக்கு மகன்தாம்மா."

அதோடு பேச்சு முடிந்தது.

வெர்லாவுக்குத் தூக்கம் போயிற்று. காரணம் இருந்தது. தோள்பட்டையின் மேல்பக்கம் தணல் பட்டுப்பட்டுச் சிவந்து மொறுமொறுவென்று ஆகும். பிரவுன் என்பார்கள். ஒரு தோளில் ஒரு கைப்பிடி தேறினால் அதிகம். மேயரே வந்தாலும் வெர்லா மனசு வைத்தால்தான் கிடைக்கும். ஆனால் அப்பாவின் மதியத் தட்டில் மட்டும் முழுக்க முழுக்கப் பிரவுன்தான் வைப்பாள். அதை அப்பா போன குளிர்காலத்திலிருந்து பாதிக்கு மேல் தொடுவதில்லை. ரெனிட்டா வெட்டும் நாளில் மட்டும் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும்!

என்ன செய்கிறாள் இவள்? எனக்குத் தெரியாமல் பிரவுனை எடுத்து மலை மாதிரி குவிக்கிறாளா? வேறு என்னவாக இருக்கும்?

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்தாள். அடுப்பிலிருந்த அத்தனை தோளையும் இறக்கி, பிரவுனை ஒரு துணுக்குகூட விடாமல் உரித்துத் தன் பக்கம் மூடி வைத்தாள். தணல் தள்ளிக்கொண்டிருந்த தம்பி வெண்டல் பார்த்துவிட்டான்.

"அக்கா, இது நியாயமா?"

"உன் பொண்டாட்டிக்கு வக்கீலா நீ? தணலைப் பாரு."

ரெனிட்டா வந்ததும் திகைத்து நின்றாள். "என்னக்கா, எல்லாம் வெள்ளைக்கறியா இருக்கு? பிரவுன் எங்க?"

"தீந்துபோச்சு."

"விடியலயே, அதுக்குள்ளயா?"

வெர்லா கத்தியைத் தீட்டப் போனாள். ரெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு, கிடைத்த உள்கறியை எடுத்துப் பொடிப்பொடியாக வெட்ட ஆரம்பித்தாள். வேறு வழி?

மதியம் கடை கொள்ளாத கூட்டம். கார்லண்ட் நடு மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு தட்டுகளும் வந்தன. வெர்லாவின் தட்டு செம்பழுப்பாக மின்னியது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ரெனிட்டாவின் தட்டைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றான் ரஸ்டி.

அப்பா முதலில் மகளின் தட்டில் கை வைத்தார். ஒரு வாய். மென்றார். இன்னும் மென்றார். வெர்லா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை சட்டென்று நின்றது. இருமுவதுபோல் தலையைத் திருப்பிக் காகிதத் துண்டை வாயில் வைத்தார். அந்த மறைவில் கட்டைவிரல் மேல்பல் வரிசையை உள்ளே தள்ளியதை வெர்லா பார்த்துவிட்டாள். மெல்லாத கறியோடு காகிதம் சட்டைப்பைக்குள் போனது.

பல் செட்டு. ஆடுகிறது.

ஊரிலேயே அழகான சிரிப்பு தனக்குத்தான் என்று பீற்றிக்கொள்ளும் மனிதர் இதை யாரிடம் சொல்வார்? பிரவுனை அவரால் மெல்ல முடியவில்லை. வெள்ளைக்கறி மெத்தென்று இறங்குகிறது. அந்த வெள்ளைக்கறியை ரெனிட்டாவுக்கு இன்று மிச்சம் வைத்தது யார்? தன் கையாலேயே தன் கடையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்!

ரெனிட்டாவின் தட்டு காலியானது. கார்லண்ட் மகளைப் பார்க்காமல் எழுந்தார். "கத்தி ரெனிட்டாவுக்கு."

கைதட்டல். "அப்பாவால மெல்ல முடியல, இது செல்லாது!" என்ற வார்த்தை வெர்லாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும், கடை திரும்பி வந்துவிடும். அப்பா இப்போதுதான் அவளைப் பார்த்தார். பல் ஆடியதை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் அவள் இதுவரை காணாத ஒன்று இருந்தது. கெஞ்சல்.

நாக்கை மடக்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் ரெனிட்டா பக்கத்தில் வந்தாள். "சத்தியமா எனக்குப் புரியலக்கா. உங்க தட்ட விட்டுட்டு என் தட்ட எப்படி?"

சொல்லலாம். சொன்னால் நாளை முதல் இவள் அதையும் எடுத்துக்கொள்வாள். இன்னும் பொடியாக, இன்னும் மெத்தென்று வெட்டி அப்பாவிடம் நல்ல பெயர் வாங்குவாள்.

"எனக்கு என்ன தெரியும்? வெட்டுக்கட்டைய நீயே வச்சுக்க. ஒண்ணு மட்டும், அப்பா தட்டு என்னோடது. அதுல நீ கை வைக்கக் கூடாது."

"அவ்வளவுதானே, எடுத்துக்கங்க."

திங்கட்கிழமை மதியம் வெர்லா உள்கறியைத் தேர்ந்தெடுத்து, நரம்பு நீக்கி, மாவு மாதிரி வெட்டினாள். என்ன செய்கிறாள் என்று பார்க்க ரெனிட்டா எட்டினாள். வெர்லா அரை அடி நகர்ந்து, முதுகைக் காட்டி, தட்டை மறைத்துக்கொண்டாள்.