கிரானாவின் திரை

கணினித் திரையை அழகுபடுத்துவதில் என்ன பெருமை என்று கேட்பவர்களை லிந்தாங் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் பித்துப் பிடித்தவர்களின் கூட்டத்தில் அவளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. மாதம் ஒருமுறை ஹெர்மாவான் அண்ணனின் காப்பிக்கடையில் கூடுவார்கள். ஆளாளுக்குத் தங்கள் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டிச் சுவரில் காட்டுவார்கள். எதற்கு அதிகக் கை உயர்கிறதோ அதுதான் அந்த மாதத்துத் திரை. பரிசு ஒரு தட்டு வறுத்த வாழைப்பழம், அவ்வளவுதான். போன வருஷம் முழுக்க அந்தத் தட்டு லிந்தாங்கின் முன்னால்தான் வந்து உட்கார்ந்தது.

பிறகு கிரானா வந்தாள். தானாக எங்கே வந்தாள், அதே விடுதியில் அடுத்த அறைக்காரி என்று லிந்தாங்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஐகானை மாற்றுவது, கீழே கிடக்கும் பட்டையை மேலே ஏற்றுவது, எழுத்துக்கு ஏற்ற நிறம் தேடுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வாழைப்பழத்தட்டு கிரானாவின் பக்கம் திரும்பியது. ஒருமுறை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அது அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

கிரானாவின் திரையில் சாம்பல் பூத்த ஒரு பச்சை. ஓரம் மழுங்கிய ஜன்னல்கள் சத்தமில்லாமல் திறந்து மூடும். பாட்டு ஓடினால் மூலையில் ஒரு குட்டிப்பூனை வாலாட்டும்.

"பூனைய எங்கேருந்துடி புடிச்ச?"

"நானே வரைஞ்சேன்டி. நல்லாருக்கா?"

"ம்... பரவால்ல. வாலு கொஞ்சம் கோணல்."

வால் கோணலே இல்லை. சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போன லிந்தாங்குக்கு வயிறு எரிந்தது. தன் திரையைத் திறந்து பார்த்தாள். நேற்றுவரை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது இன்று பழைய துணியாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து கிரானா தன் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதுசாக லினக்ஸ் ஏற்றப் போனாள். "என் கோப்பெல்லாம் உன் ஹார்டு டிஸ்க்ல கொஞ்சம் வச்சிருடி, ஏதாவது போச்சுன்னா செத்தேன்" என்று தன் திரையின் அமைப்புக் கோப்புகளை மொத்தமாக அவளிடம் கொடுத்தாள். மீனுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி ஆயிற்று.

அடுத்தவர் அமைப்பை எடுத்துப் போட்டுக்கொள்வதில் அந்தக் கூட்டத்தில் ஒரு குற்றமும் இல்லை. சுவரில் காட்டும்போது இன்னாருடையது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டிக்கொண்டவனை லேசில் விடமாட்டார்கள். இது லிந்தாங்குக்குத் தெரியாதா? தெரிந்துதான் கோப்புகளை அள்ளித் தன் கணினியில் கொட்டினாள். பச்சையை மெழுகுச்சாயம் போட்ட பாத்திக் துணியின் பழுப்பாக்கினாள். பூனையைத் தூக்கிவிட்டுப் பல்லியை வைத்தாள். காலையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. சாயங்காலமானால் அவள் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்விடுவாள். கணினி மூடிக் கிடக்கும்.

கடைக்கு விடுமுறையான நாளில்தான் கூட்டம், எப்போதும் நாலு மணிக்கே தொடங்கிவிடும். அன்று மழை அடித்துக் கொட்டியதில் எல்லோரும் தாமதம். லிந்தாங்கின் முறை கடைசியில் வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. சுவரில் பழுப்புத் திரை விரிந்ததும் "அடேங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்கத்தானே இத்தனை பாடு. கிரானா மட்டும் கண்ணைச் சுருக்கி ஜன்னல்களின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெர்மாவான் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏம்மா லிந்தாங், எதாவது எங்கேருந்தாவது எடுத்ததா?"

"எல்லாமே நான் பண்ணதுண்ணே."

மணி ஏழு. டிங் என்றது கணினி. மூலையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வழுக்கி வந்தது. அதில் அந்தப் பூனை, பக்கத்தில் ஒரு வரி: 'கிரானா, இன்னிக்காவது லிந்தாங்கை மிஞ்சினியாடி?' கிரானா தனக்குத்தானே தினமும் ஏழு மணிக்கு வைத்திருந்த அலாரம் அது.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கடை மொத்தமும் சிரித்தது. கிரானாவின் முகம் ரத்தமாகச் சிவந்தது. திருட்டுக்குக் கோபப்படுவதா, தன் மனசு சுவரில் ஏறியதற்கு வெட்கப்படுவதா என்று அவளுக்கே புரியவில்லை.

"திருடினதுதான் திருடின, அலாரத்தையுமா சேத்துத் திருடுவ?" என்றார் ஹெர்மாவான் அண்ணன். "இந்த வருஷம் நீ திரை காட்டக் கூடாது. வாழைப்பழம் இந்த மாசம் எனக்கு."

லிந்தாங் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவமானம் உடம்பெல்லாம் சுட்டது நிஜம்தான். ஆனால் அதற்கடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. கிரானாவும் தினம் தினம் எரிந்திருக்கிறாள்!

தூறலில் இருவரும் விடுதிக்கு நடந்தார்கள்.

"திருடி" என்றாள் கிரானா.

"பொறாமை புடிச்சவளே."

"நீ மட்டும் என்னவாம்?"

"தட்டு உங்கிட்டதானடி இருந்துச்சு. அப்புறம் எதுக்கு தெனமும் அந்தக் கேள்வி?"

கிரானா தேங்கிய மழைத்தண்ணீரைக் காலால் எத்தினாள். "எல்லாரும் கை தூக்குனாங்க. நீ ஒரு தடவகூட தூக்கலயே. வாலு கோணல்னு சொல்லிட்டுப் போன. நானும் எத்தன தடவ மாத்தி வரைஞ்சேன் தெரியுமா? எங்க கோணல்னே தெரியலடி."

இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று லிந்தாங்குக்குத் தெரிந்தது.

அன்றே திருடிய கோப்புகளை எல்லாம் அழித்தாள். பழுப்பும் பல்லியும் போயின. அந்த ஏழு மணிப் பெட்டியை மட்டும், பெயர்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டாள். கடைக்கு விடுமுறையான நாட்களில் மெல்லிய சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டிங் என்று கேட்கும். கிரானா அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டிச் சிரிப்பாள், லிந்தாங்கும் திருப்பித் தட்டுவாள்.

வால் நேராகத்தான் இருந்தது என்பதை மட்டும் அவள் இன்றுவரை சொல்லவில்லை.