கிழிந்த பக்கத்துப் பாட்டு

புத்தகத்தைக் கிழிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு சந்துக்குள் இருந்த கிளை நூலகத்தில் நான்தான் நூலகர், பெயர் மயிலாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேப்பர் போதும், மீதிப் பேருக்குப் பாட்டு வேண்டும். வளைகாப்புக்கு ஒரு பாட்டு, ஆயுத பூஜைக்கு ஒரு பாட்டு, தாலாட்டில் மறந்துபோன இரண்டாம் அடி என்று எதையாவது கேட்பார்கள். தேடிக் கொடுக்காமல் விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்பத்தெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சைதுன்னிசா வந்தாள். பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை, பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் ஜுபைதாவுக்குக் கல்யாணம்.

“மயிலாக்கா, சம்மந்தி ஏசலுக்குப் பதில் பாட்டு வேணுங்க. மாப்பிள்ளை ஊட்டுப் பொம்பளைங்க கேலி பண்ணிப் பாடினா, நாங்க திருப்பிப் பாடோணுமுங்க.”

“பாடாட்டி என்ன, கல்யாணம் நின்னா போயிரும்?”

“என்ற கல்யாணத்துல எங்கூட்டுல ஆருக்கும் பதில் பாடத் தெரியலீங்க. இன்னைக்கு வரைக்கும் மாமியா ஊட்டுல எம்பேரு வாயில்லாப்பூச்சி. அந்தப் பேரு எம்புள்ளைக்கு வரக் கூடாதுங்க்கா.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூ, இவ்வளவுதானா என்று அடித்தட்டிலிருந்து பெரிய எழுத்துக் கல்யாணப் பாட்டுப் புத்தகத்தை உருவினேன். அதில் ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு இருக்கும். பிரித்துப் பார்த்தால், ஏசல் பாட்டு இருந்த தாளையே காணோம். முன்பக்கம் ஏசல், பின்பக்கம் பதில். இரண்டும் ஒரே தாளோடு போய்விட்டன. கிழித்த கை விளங்குமா என்று நான் போட்ட சத்தத்தில் பேப்பர் படித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டேன். மைக்செட் கடையில்கூட விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

“போகுதுங்க்கா. நீங்க கல்யாணத்துக்கு மட்டும் வந்துருங்க” என்றாள் சைதுன்னிசா. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் பகுதியில் பாய் விரித்து, இரண்டு வீட்டாரும் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் சைதுன்னிசாவை ஒட்டி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ரஹ்மத்துன்னிசா, பல்லடத்துக்காரர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருப்பார்போல. மூக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாடினார்.

“பந்தியிலே போட்ட சோறு பாதி வேகலே,
பாயசத்தில் சர்க்கரையைக் காணவே இல்லே.”

அவர் ஆட்கள் கைதட்டினார்கள். சைதுன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். நான் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தெரிந்த அதன் முதுகில், ஊதா மையில், எங்கள் நூலக முத்திரை இருந்தது.

அடிப்பாவி, நீதானா என்று எழுந்துவிடப் பார்த்தேன். அதற்குள் முத்திரைக்குக் கீழே கண் போனது. புளியங்கொட்டை எழுத்தில் பதில் பாட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சைதுன்னிசாவின் காதில் ஓதினேன். அவள் நடுங்கும் குரலில் எடுத்தாள்.

“வேகாத சோத்தையா வெட்டி முடிச்சே?
இனிக்காத பாயசத்தை ஏன் வழிச்சுக் குடிச்சே?”

எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். ரஹ்மத்துன்னிசாவுக்குத் திகைப்பு. அடுத்ததைப் பாடினார், அதற்கும் உடனே பதில் போனது. சந்தேகப்பட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தவர், சட்டென்று அதை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டார்.

“இனிமே பாடுங்க பாக்கலாம்” என்றார்.

இனி எதைப் பார்த்து ஓதுவது? ஆனால் சைதுன்னிசா என் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து, தானாகவே பாடினாள்.

“படிக்கக் கொடுத்த ஏட்டைக் கிழிச்சது யாரு?
பல்லடத்துச் சம்மந்தி கையப் பாரு பாரு!”

மண்டபமே அதிர்ந்தது. முக்காட்டுக்குள் ஜுபைதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரஹ்மத்துன்னிசா சிரித்த சிரிப்பில் புரையே ஏறிவிட்டது.

“அன்னைக்கு உங்க லைப்ரரியில எழுதிக்க நேரமில்லீங்க, பல்லடம் பஸ் கெளம்பிருச்சு” என்று தாளை என்னிடம் நீட்டினார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, “ஏம்புள்ளைகளா, இத்தனை வாய்க்காரி ஊட்டுலயா நாம பொண்ணெடுத்தோம்?” என்றார்.

அந்த ‘வாய்க்காரி’யைக் கேட்டதும் சைதுன்னிசா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை பசை காய்ச்சித் தாளை ஒட்டினேன். கடைசியில் வெறுமையாக இருந்த பக்கத்தில், அவள் கட்டிய இரண்டு அடிகளையும் மையால் எழுதினேன். ‘நூல்களில் எழுதுவது குற்றம்’ என்ற பலகை என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கட்டும்.