தொண்ணூற்று நான்கு சதவீதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து "மரக்காணத்து உப்பளத்தில்" என்று இரண்டு சொல்தான் தட்டியிருப்பேன். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு பெட்டி முளைத்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், நிறுவலாமா? இப்போது. பிறகு. 'பிறகு' என்று அழுத்தினேன். மூன்றாவது சொல்லுக்குள் மறுபடியும் வந்து நின்றது. "யாருப்பா உன்னைக் கூப்பிட்டது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "யார் வந்திருக்காங்க?" என்றாள்.

அந்தக் கடுப்பில்தான் ஜெர்லின் ஞாபகம் வந்தாள். போன வருடம், 2005 கோடையில், இதே பெட்டியோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். எனக்குத் தெரிந்து வேறு யாரும் ஜெயித்ததில்லை. மரக்காணத்தில் அவள் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தபோது அவளே சொன்னாள். நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அம்சவல்லியின் நெஞ்சிலும் ஒரு கருமேகம்" வேண்டாம். வானத்தில் மேகம் என்றால் வானத்திலேயே இருக்கட்டும்.

"தகவல் தொழில்நுட்பம் கடலோர விளிம்புநிலை மக்களின் வாழ்வில் ஏற்படுத்திய" சேச்சே, கருத்தரங்குக்கா போகிறேன்?

நேராகவே சொல்கிறேன்.

3

ஜெர்லினின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு எஸ்.டி.டி. போன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். நெட் ஓடினால் போன் செத்துவிடும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு 'எங்கேஜ்டு' சத்தம்தான் கேட்கும்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கரையோரத்துக்கென்று வானிலை இணையதளம் ஒன்று ஆரம்பித்திருந்தது. மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று படமாகவே ஓடும். உப்பளக்காரர்கள் சாயங்காலமானால் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜெர்லின் அவர்களிடம் காசு வாங்கமாட்டாள்.

அந்தப் படம் ஓட 'பிளக்-இன்' என்று ஒரு துணுக்கு மென்பொருள் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, என்னைப் புதுப்பி என்று அது வந்து நிற்கும். ஜெர்லின் 'பிறகு' என்று தள்ளிவிடுவாள். கூடவே வேறு பெட்டிகள்: வாழ்த்துகள், நீங்கள்தான் எங்கள் லட்சமாவது விருந்தாளி! "ஒரே ஆள எத்தினி வாட்டிதான் லட்சமாவது ஆக்குவானுங்க?" என்று திட்டிக்கொண்டே மூடுவாள்.

[இங்கே என் பெட்டி மறுபடியும் வந்தது. பிறகு.]

4

அன்றைக்கு அம்சவல்லி கடைக்குள் வந்தபோது கணுக்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. பல வருடம் கூலிக்கு உப்பு வாரியவள், அந்த வருடம்தான் முதன்முதலாகச் சொந்தக் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருந்தாள். முதல் விளைச்சல் பாத்தியில் நின்றது. இன்னும் இரண்டு வெயில் கண்டால் கல் உப்பாகத் திரளும். இப்போதே வாரினால் பொடி உப்புதான், பாதி விலைக்குத்தான் போகும். வாராமல் விட்டு மழை வந்தால் எல்லாம் தண்ணீர்.

[மேற்கே கறுத்திருந்ததே, தெரியவில்லையா என்று கேட்பீர்கள். கோடையில் அங்கே தினமும்தான் கறுக்கும், பாதி நாள் கலைந்தும் போகும். கறுத்ததற்கெல்லாம் உப்பு வாரும் பலகையைத் தூக்கினால் யார் வீட்டிலும் உப்பு விளையாது.]

இன்னொன்றும் உண்டு. அம்சவல்லியுடையது மேற்குக் கோடிப் பாத்தி. அந்த அளத்தின் வழக்கப்படி கோடிப் பாத்திக்காரர்தான் முதலில் பலகையைத் தூக்கவேண்டும். அவரைப் பார்த்து அடுத்த பாத்தி, அதைப் பார்த்து அதற்கடுத்தது. எல்லோரும் இறங்கினால் கைமாற்றி ஒருவருக்கொருவர் வாரிக் கொடுத்துக்கொள்வார்கள். தனியாளாக யாராலும் மழையை முந்த முடியாது. அவள் தூக்கி மழை வராமல் போனால் எல்லோருடைய உப்பும் பொடிதான். அப்புறம் அந்த அளத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

"படத்தப் போடு ஜெர்லினு, சீக்கிரம்."

படம் வரவில்லை. மஞ்சள் பெட்டி வந்தது. அன்றைக்கென்று பார்த்து அதில் 'பிறகு' இல்லை. புதுப்பித்தால்தான் படம் என்றது.

"இன்னா கேக்குது?"

"புதுசா ஒண்ணு எறக்கணுமாம்க்கா. இத்தினி நாளு தள்ளினேன், இன்னிக்கு புடிச்சிக்கிச்சி."

வேறு வழி? 'இப்போது' என்று அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. பத்து சதவீதம். பதினொன்று. நத்தைகூடக் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்திருக்கும்.

5

இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது. நாற்பத்தைந்து. நடுவில் லட்சமாவது விருந்தாளி வந்தான். ஜெர்லின் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு மூடினாள். எழுபது. வெளியே காற்று புழுதியைக் கிளப்பியது.

"இன்னும் எம்மாந்நேரம்டி?"

"ஆச்சிக்கா, தோ, தொண்ணூறு."

தொண்ணூற்று நான்கில் கோடு நின்றுவிட்டது. ஜெர்லின் அதை முறைத்தாள். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது.

"யக்கா, மேகம் இன்னா சைடுலேர்ந்து வருது?"

"கிளியனூர் சைடு."

"கிளியனூர்ல உன் தங்கச்சி சங்கீதா கீறாளே! அவங்க பக்கத்து மளிகைக்கடையில போன் இருக்குது. அவளக் கேட்டா முடிஞ்சிது. நாம லைனைப் புடிச்சி வெச்சிக்கினு இத மொறச்சிப் பாத்துனு கீறோம்!"

படம் வந்த நாளிலிருந்து மழையைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"அப்போ இது? ஆறுதானே பாக்கி?"

"கெடக்குது போ!" ஜெர்லின் குனிந்து லைன் வயரைப் பிடுங்கினாள்.

இந்த இடத்தில் நிறுத்தி அவளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. பத்து சதவீதத்தில் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். தொண்ணூற்று நான்குவரை காத்திருந்தவர்கள் பிடுங்கமாட்டார்கள். நானெல்லாம் தொண்ணூற்று ஐந்துக்காக விடியவிடிய உட்கார்ந்திருப்பேன். காத்திருந்தது வீண்தான் என்று ஒரு நொடியில் ஒப்புக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும்! அசல் ஆள்தான் அவள்.

நம்பர் சுற்ற ரிசீவரில் கை வைத்தாள். அதற்குள் போன் தானாகவே அலறியது.

"எவ்ளோ நேரமாடி போட்டுனே கீறேன்!" சங்கீதாவின் குரல் பின்னால் கேட்ட இரைச்சலில் பாதி அமுங்கியது. "எப்ப போட்டாலும் எங்கேஜ்! இங்க பிச்சிக்கினு ஊத்துது. எங்கக்காகிட்ட சொல்லு, உப்ப வாரச் சொல்லு!"

6

ஜெர்லினின் டி.வி.எஸ். ஃபிப்டியில் இருவரும் அளத்துக்குப் பறந்தார்கள். அம்சவல்லி நேராகப் போய்ப் பலகையைத் தூக்கினாள்.

அடுத்த பாத்தி தட்சணாமூர்த்தியுடையது. முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன், மீசையெல்லாம் வைத்து. ஜெர்லின் படித்துவிட்டு, "ஏங்க, அவரு தங்கமான மனுசங்க. நாலு பொண்ணக் கட்டிக் குடுக்கணும், பாத்துத்தான் செய்வாரு" என்று என்னைக் கடிந்துகொண்டாள். மீசையை எடுத்துவிட்டேன்.

வரப்பில் நின்று அவர் கேட்டார்: "ஏம்மா அம்சவல்லி, கம்ப்யூட்டர்ல பாத்தியா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுவார், அவர் பின்னாலேயே அளம் மொத்தமும் இறங்கும்.

"இல்லண்ணா," என்றாள் அம்சவல்லி. "படம் வரல. என் தங்கச்சி கிளியனூர்லேர்ந்து போன் பண்ணா. அங்க ஊத்துதாம். நான் உப்ப வார்றேன். நீங்க உங்க இஷ்டம்."

7

முடிவுகள்.

(அ) தட்சணாமூர்த்தி இறங்குகிறார், எல்லோரும் இறங்குகிறார்கள். கடைசிக் குவியலுக்கு ஓலை மூடும்போது முதல் சொட்டு விழுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகமாக நன்றாக இருக்கிறது.

(ஆ) எல்லோரும் வாருகிறார்கள். மேகம் கிளியனூரோடு கலைந்துபோகிறது. அளம் முழுக்கப் பொடி உப்பு. அம்சவல்லி

இல்லை, இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

(இ) யாரும் இறங்கவில்லை. அவளும் ஜெர்லினும் மட்டும்

நிஜத்தில் என்ன நடந்தது என்று ஜெர்லினிடம் கேட்டேன். "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? அன்னிக்கு வரப்புல நின்னவங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா இன்னா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆகவே தட்சணாமூர்த்தியைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். இரண்டாவது பாத்தி இனி உங்களுடையது. உங்கள் உப்பு இன்னும் திரளவில்லை, இரண்டு வெயில் பாக்கி இருக்கிறது. மேற்கே கறுத்திருக்கிறது, தினமும் கறுப்பதுபோலத்தான். படம் எதுவும் வராது. கையில் இருப்பதெல்லாம் பக்கத்து ஊரில் நனைந்துகொண்டிருக்கும் ஒருத்தியின் சொல். அதை ஒரு பொய்கூடச் சேர்க்காமல் உங்களிடம் கொடுத்த இன்னொருத்தி, கணுக்கால்வரை பாத்தியில் இறங்கி, ஒற்றை ஆளாக வாரிக்கொண்டிருக்கிறாள்.

பலகை உங்கள் காலடியில் கிடக்கிறது. 'பிறகு' என்ற பொத்தான் இங்கே கிடையாது.