சடையனுக்குப் படம் இல்லை

1

மோகனா கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். குடும்ப ஒன்றுகூடலுக்கு மலர் போடுகிறார்களாம். "நம்ம குடும்பப் பேரு எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கப்பா, நல்லதா எழுதுங்க" என்றாள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. நல்லதாக எழுதத் தெரியாது, உள்ளதை எழுதுவேன். மலரில் இதைப் போட மாட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களையும் முழுசாக நம்பவில்லை.

'நான்' என்று எழுதினால் அடுத்ததாகக் கெட்ட வார்த்தைதான் வருகிறது. ஆகவே இனி அவன் பெயர் சன்னாசி. மோகனாவின் அப்பன். மலேசியாவில், பாரோய் என்கிற ஊரில் அவள் வீட்டுப் பின்னறையில் படுத்துக் கிடக்கிறவன்.

2

முதல் தொடக்கம்: "கடல் கடந்து வந்த மருதமுத்துவின் வழித்தோன்றல்களாகிய நாம்—"

அடித்தாயிற்று.

"பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில், பச்சைப் பசேலென்ற ரப்பர் மரங்களுக்கு நடுவே—"

பச்சையைப் பார்த்தவன் எவன்? இருட்டோடு போய்ப் பாலுக்கு மரம் வெட்டினவனுக்குப் பட்டைதான் தெரியும். அடித்தாயிற்று.

மருதமுத்து எங்களுக்கு ஒன்றும் உறவில்லை.

இது நிற்கட்டும்.

3

மருதமுத்து கங்காணி. ஊரில் ஆள் பிடித்துக் கப்பலேற்றி வந்து, தோட்டத்தில் வேலை வாங்கியவன். அவன் பிடித்து வந்தவர்களில் ஒருவன் சன்னாசியின் தாத்தா சடையன். ஒரு விடியலில் சடையன் குளிர்காய்ச்சலில் கிடந்தான். கங்காணி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் புகுந்து, காலைப் பிடித்து இழுத்து, ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் கொண்டுபோய்ப் போட்டான். அன்றைக்கே மரத்தடியில் சடையன் போய்ச் சேர்ந்தான். சன்னாசியின் அப்பன் கருப்பன் அப்போது இடுப்பளவு பிள்ளை.

ஜப்பான்காரன் சண்டையெல்லாம் முடிந்து, தோட்டத்துக்கு ஐசி என்கிற அடையாள அட்டை போட வந்தார்கள். "அப்பன் பேரு?" என்று கேட்டார் கணக்கெழுதும் கிராணி. வளர்ந்து ஆளாகியிருந்த கருப்பன் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் நின்ற கங்காணி சொன்னான்: "எம் பேரையே போடுங்க. எல்லாம் நம்ம ஆளுங்கதானே." வரிசையில் நின்ற அப்பனில்லாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பேர். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. கருப்பன் பேசவில்லை. பேசியிருந்தால் லயத்து வீடு போயிருக்கும்.*

* இதைக் கருப்பன் கள்ளுக்கடையில் வைத்துச் சொன்னான். "போதையில சொன்னதை எப்படிப்பா நம்புறது?" என்கிறாள் மோகனா. எங்களுக்கெல்லாம் போதையில்தான் உண்மை வரும். மற்ற நேரத்தில் "ஆமாங்க" மட்டும்தான் வரும்.

தன் தாத்தா ஐசியில் அந்தப் பேரைக் கண்ட மோகனா, அதையே குடும்பப் பேர் ஆக்கிவிட்டாள். மகள் ஷாமினி மருதமுத்து. பேஸ்புக்கில் அந்தப் பேரைத் தேடப்போய் வசந்தன் கிடைத்தான். கங்காணியின் சொந்தக் கொள்ளுப்பேரன். அவனிடம் கங்காணியின் படம் ஒன்று இருந்தது.

[இந்த இடத்தில் சடையனின் முகத்தை எழுத வேண்டும். "சடையன் கறுத்த, உயரமான—" தெரியாது. நான் பார்த்ததில்லை. படம் பிடிக்கிற வசதி கங்காணிக்குத்தான் இருந்தது. படையலில் சடையனுக்காகக் கருப்பன் ஒரு மடித்த வேட்டியைத்தான் வைப்பான்.]

ஷாமினி இதைப் படித்துவிட்டு, "கங்காணிய வில்லனா மட்டும் எழுதாதீங்க தாத்தா, கொஞ்சம் பேலன்ஸ் பண்ணுங்க லா" என்றாள். சரி. மருதமுத்து தீபாவளிக்கு ஆளுக்கொரு வேட்டி கொடுத்தான். அதைக் கட்டிக்கொண்டு வந்து அவன் காலில் விழ வேண்டும். பேலன்ஸ் ஆகிவிட்டதா?

4

வசந்தன் காரை விட்டு இறங்கும்போதே சிரித்தான். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். தலைப்பாகை, கோட்டு, பிரம்பு.

"நல்லாருக்கீங்களா பெரியப்பா?"

"யாருக்கு யாருடா பெரியப்பா?"

"அப்பா!" என்றாள் மோகனா.

"பரவால்லக்கா, பெரியவங்க அப்படித்தான் லா. நம்ம தாத்தா இல்லன்னா நாம யாருமே மலேசியால இல்ல பெரியப்பா. அவருதான் எல்லாரையும் கூட்டியாந்தாரு."

"ஆட்டையுந்தான் வெட்டுறதுக்குப் பசாருக்குக் கூட்டிட்டுப் போறானுங்க. ஆடு அவனுக்கு மாலையா போடுது?"

ஷாமினி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பெரம்பு யாரு முதுகுக்குன்னு உங்க வீட்டுல கேட்டியா?"

"அதெல்லாம் அந்தக் காலம் பெரியப்பா. இப்ப நாம ஒரே குடும்பம்."

இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுத லேசாக இருந்திருக்கும். சன்னாசியின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வந்திருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அவன் போனபிறகு மோகனா வெடித்தாள். "ஊர்ல எல்லாருக்கும் பரம்பரை இருக்கு. நமக்கு மட்டும் இல்ல. உங்ககிட்ட வேற பேரு இருந்தா குடுங்க, போடுறேன்."

"சடையன்."

"அதுக்கு மேல?"

சன்னாசிக்குத் தெரியாது.

"ஒன்றுகூடல் படையலுக்கு மூத்தவரு நீங்கதான் சூடம் கொளுத்தணும். சபையில கெடுத்துட்டீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்கு எடமில்ல. சொல்லிட்டேன்."

5

மண்டபம். எல்லாருடைய சட்டை முதுகிலும் மருதமுத்து பேர். மேடையில் வாழையிலை, கோழிக்குழம்பு, மாலை போட்ட படம். சன்னாசி கையில் மோகனா தீப்பெட்டியைத் திணிக்கிறாள். "ஆளுங்க பாக்குறாங்கப்பா."

முடிவு ஒன்று: கொளுத்துகிறான். மகள் முகம் தெளிகிறது. இரவு பின்னறையில் கால் நீட்டிப் படுக்கிறான். சாகிறவரைக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை.

முடிவு இரண்டு: படத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான். சினிமா. அவனை மேடையேற்றவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

முடிவு மூன்று: மைக்கில் உண்மையைச் சொல்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். மண்டபத்தில் எதைச் சொன்னாலும் தட்டுவார்கள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். நான்காவது எனக்கு வரவில்லை. வந்தாலும் எழுத மாட்டேன். இந்தக் கிழவனின் வாயில் மற்றவன் பேர் வைத்தது போதும். அவன் கைக்கு நானும் வேலை வைப்பதா?

இவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்த உங்களுக்கு ஓர் ஆசை இருக்கும். 'பாவம் மகள், கொளுத்திவிட்டுப் போகட்டுமே' என்று. இருந்தால் எழுந்து மேடைக்கு வாருங்கள். அவன் கையிலிருக்கும் தீப்பெட்டியை வாங்கி நீங்களே உரசுங்கள். அந்தப் படத்தின் கண்ணைப் பார்த்து, 'எங்க தாத்தா' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு உரசுங்கள்.